வேலை முடியுமுன் இளைப்பாறியவள்

என் மச்சாளுக்கு ஒரு வேலை மட்டும் திறமாகத் தெரியும். நித்திரை கொள்வது.

அதில் அவளை வெல்ல வெள்ளவத்தையில் ஆள் இருக்கவில்லை. பாயை விரிப்பாள். ஒரு பக்கமாகச் சரிவாள். கையை மடித்துக் கன்னத்தின் கீழ் வைப்பாள். அவ்வளவுதான், ஆள் போய்விடும். எங்கள் ஒழுங்கை கடற்கரையில் போய் முடியும், முடிகிற இடத்தில் தண்டவாளம். ரயில் போகும்போது என் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் பீங்கான் கோப்பைகள் எல்லாம் நடுங்கும். நானும் நடுங்குவேன், கோப்பைகள் என் சீதனம். அவள் அசையமாட்டாள். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். நான் குசினியில் சட்டிகளை வேண்டுமென்றே தொம் தொம்மென்று வைப்பேன். அவள் முகத்தில் ஒரு சுருக்கமும் விழாது.

நான் நித்திரை கொள்ளாதவள். அதையே ஒரு பட்டம்போலச் சொல்லித் திரிந்தவள். பொரளையில் ஒரு டொக்டரிடம் போய்க் கசப்பு மருந்து வாங்கிக் குடித்தேன். மருந்து கசந்தது, நித்திரை வரவில்லை. திரும்பப் போனபோது டொக்டர் சொன்னார், "உங்களுக்கு மருந்து வேண்டாம் அம்மா, ஓய்வுதான் வேணும்." ஓய்வெடுக்க எனக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று அவரோடு சண்டை பிடித்துவிட்டு வந்தேன். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அப்படி என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அதைக் கேட்டவர்களோடு நான் பிறகு கதைத்ததில்லை.

மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. கல்யாணம் முடித்து மலாயாவுக்குப் போனவள். புருஷன் அங்கே ரயில்வேயில் கிளாக். தாய்க்கு வருத்தம் கடுமை என்று அறிந்து தனியாகக் கப்பலேறி வந்தாள். தாயை அடக்கம் செய்தபிறகு, நத்தாரை, அதுதான் கிறிஸ்மஸை, எங்களோடு இருந்துவிட்டுத் திரும்பிப் போகிறேன் என்றாள். அந்த நத்தாருக்கு முன்னமே யப்பான்காரன் மலாயாவுக்குள் இறங்கிவிட்டான். அதன்பிறகு கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. ஒரு பெட்டியோடு வந்தவள் யுத்தம் முடியும்வரை எங்கள் பக்கத்து அறையில் இருந்தாள். இருந்தாள் என்றா சொன்னேன், கிடந்தாள்.

புருஷன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத பெண் எப்படி இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. மெலியவேண்டும். யன்னலடியில் நிற்கவேண்டும். தபால்காரனைக் கண்டால் நெஞ்சில் கைவைக்க வேண்டும். இவள் கூப்பன் அரிசிச் சோற்றை இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். கல் பொறுக்கித் தரச் சொன்னால் பொறுக்கித் தருவாள், கூட்டச் சொன்னால் கூட்டுவாள். முடிந்ததும் பாய். அவளுக்காக யன்னலடியில் நின்றது நான்தான். தபால்காரனைக் கண்டு நெஞ்சில் கைவைத்ததும் நான்தான். அவளுடைய கவலையையும் சேர்த்து நான் பட்டுக்கொண்டிருக்க, சொந்தக்காரி நித்திரை. கோபம் வராதா?

கோயிலில் பெண்கள் என்னைப் பிடித்துக் கேட்பார்கள். "உங்கட மச்சாளுக்கு மனசு எண்டு ஒண்டு இல்லையோ?" நான் அவளுக்காகப் பரிந்து பேசியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருக்கும். அதுவும் நித்திரையாக் கிடக்கும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் நல்ல பகிடி விட்ட பெருமையில் வீட்டுக்கு வந்தேன்.

அவளுக்காகப் பேசியது மதிலுக்கு அந்தப் பக்கம் முஸ்லிம் வீட்டில் இருந்த சோனக அம்மா மட்டும்தான். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தவரின் மனைவி. அவருக்கும் முழங்கால் வலியால் இரவில் கண் மூடுவதில்லை. "அவங்க தூங்கட்டும் தங்கச்சி" என்பார் மதிலுக்கு மேலால். "தூங்கேலாம ஈக்கிறவங்களுக்குத்தான் அதுட அரும வெளங்கும்."

எனக்கு விளங்கவில்லை. காரணம் ஒரு சொல். அதைச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

என் அப்பா தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர். எங்கள் ஊர் வழக்கில் பென்சன் எடுப்பதை இளைப்பாறுவது என்றுதானே சொல்வோம். வீட்டு வாசலில் பலகை தொங்கியது, "இளைப்பாறிய தபாலதிபர்" என்று. எங்கள் கோயில் சுவரில் ஆண்டவரின் வார்த்தை ஒன்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. பாரம் சுமந்து களைத்தவர்கள் தன்னிடம் வந்தால் இளைப்பாறுதல் தருவேன் என்று அவர் சொன்ன வார்த்தை. சிறுமியாக இருந்த நான் அதை எழுத்துக்கூட்டி வாசித்து, முடிவுக்கு வந்துவிட்டேன். அப்பாவுக்குக் கவர்மெந்து பென்சன் கொடுக்கிறது. கவர்மெந்தில் வேலை செய்யாத அம்மா போன்றவர்களுக்கு ஆண்டவர் பென்சன் கொடுப்பார். ஓய்வுநாள் பாடசாலையில் "இயேசு நமக்கு என்ன தருவார்?" என்று ரீச்சர் கேட்டபோது கையை உயர்த்தி எழும்பி, "பென்சன்" என்றேன். சீமையிலிருந்து வந்திருந்த மிஷன் அம்மாவுக்கு அந்தப் பதிலை ஒருவரும் இங்கிலிசில் சொல்லிக் கொடுக்கவில்லை.

வளர்ந்தபிறகு பிழை தெரிந்தது என்று நினைக்காதீர்கள். சொல்லின் பொருள் தெரிந்தது, புத்தி அங்கேயே நின்றது. முதலில் சேவை, பிறகு இளைப்பாறுதல். கவர்மெந்தில் ஐம்பத்தைந்து வயது, ஆண்டவரிடம் சாவு. அதுவரை லீவு கேட்கக்கூடாது. இதுதான் என் கிறிஸ்தவம். நத்தார் என்றால் எனக்கு அந்த இலாகாவின் வருடாந்தப் பரிசோதனை. கேக், பலகாரம், கோயில் சோடினை, பெண்கள் சங்க நாடகம், ஏழை வீடுகளுக்குப் பார்சல், எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுச் செய்வேன். யாராவது உதவிக்கு வந்தால், செய்யத் தெரியாது என்று கலைத்துவிடுவேன். பிறகு உதவிக்கு ஆள் இல்லை என்று அழுவேன். என் கணவர் மட்டும் சாய்மனைக் கதிரையில் இருந்து, "இஞ்சாரும், குழந்தை இயேசு பிறந்தாலும் நீர் முதலில காலைக் கழுவிப்போட்டு உள்ள வரச் சொல்லுவீர்" என்பார். அவரும் நித்திரை கொள்ளக்கூடிய பரம்பரைதான்.

யப்பான்காரன் கொழும்புக்குக் குண்டு போட வந்த காலையைச் சொல்லவேண்டும். முருங்கை மரத்தடியில் எங்களுக்கு ஒரு பதுங்குகுழி இருந்தது. ஆபத்துச் சங்கு ஊதியதும் மூன்று பேரும் இறங்கினோம். நான் இறங்கி, பிறகு ஏறி ஓடிப்போய் பைபிளை எடுத்து வந்தேன். பிறகு ஏறி ஓடி நகைப்பெட்டி. மூன்றாம் தரம் ஏறியபோது இவர் என் சேலையைப் பிடித்தார். "இனி என்னத்துக்கு?" "ரவை ரின். நத்தார்க் கேக்குக்குச் சேர்த்த ரவை." மேலே விமானம் இரைகிறது. பீரங்கி வெடிக்கிறது. நத்தாருக்கு இன்னும் எட்டு மாதம் கிடக்கிறது. நான் ரவையோடு உருண்டு குழிக்குள் விழுந்து, ஆண்டவருக்குச் சத்தமாகக் கட்டளைகள் இடத் தொடங்கினேன். துறைமுகத்தைக் காப்பாற்றும், இந்த ஒழுங்கையைக் காப்பாற்றும், முதலில் எங்கள் வீட்டைக் காப்பாற்றும் என்று. இடையில் ஆமென் சொல்ல ஆள் காணாமல் திரும்பிப் பார்த்தேன். மச்சாள் மண் சுவரில் சாய்ந்து நித்திரை.

"எழும்பும்" என்று உலுக்கினேன். "சாகப்போறம்."

அவள் கண்ணைத் திறந்தாள். "முடிஞ்ச சங்கு ஊதிட்டுதோ மச்சாள்?"

"இன்னும் இல்லை."

"அப்ப ஏன் எழுப்பினனீங்கள்?"

இப்படி ஒருத்தியோடு நான் என்ன செய்வது? அவளை வேலைக்குப் பழக்குவது என்று முடிவெடுத்தேன். அடுத்த வருடத்துப் பெண்கள் சங்க நத்தார் நாடகத்தில் அவளையும் இழுத்துவிட்டேன். இருட்டடிப்புச் சட்டத்தால் நாடகம் பின்னேரமே நடந்தது. நான் வானதூதர். நானே எழுதி நானே நடத்திய நாடகத்தில் வேறு யாரை வானதூதராகப் போடுவேன்? பழைய நுளம்பு வலையில் செட்டை தைத்தேன். என் உடம்புக்கு அந்தச் செட்டை போதாது. அதை யாரும் சொல்லத் துணியவில்லை. மச்சாளுக்கு வசனமே இல்லாத பாத்திரம் கொடுத்தேன், மூன்றாம் மேய்ப்பன். மேய்ப்பர்கள் வயலில் படுத்திருப்பார்கள். நான் மேசையின்மேல் தோன்றி, பயப்படாதேயுங்கள், நற்செய்தி கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்வேன். மூவரும் திடுக்கிட்டு எழும்பவேண்டும்.

இரண்டு மேய்ப்பர்கள் எழும்பினார்கள். மூன்றாமவர் எழும்பவில்லை. நான் நற்செய்தியை இன்னொரு தரம், இன்னும் பெலத்துச் சொன்னேன். இல்லை. கடைசியில் வானதூதர் மேசையால் இறங்கி, செட்டை ஒரு பக்கம் கழன்று தொங்க, மேய்ப்பரின் விலாவில் காலால் இடித்தார். மேய்ப்பர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, கொஞ்சமும் பயமில்லாமல், "வந்திட்டாரோ?" என்று கேட்டார்.

அந்த வசனம் நாடகத்தில் இல்லை. ஆனால் சபை அப்படியே அமைதியாகிவிட்டது. முடிந்தபின் போதகர் எழும்பி, வந்திட்டாரோ என்ற அந்த ஒரு கேள்விக்குள் நத்தார் முழுவதும் இருக்கிறது என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார். மூன்றாம் மேய்ப்பருக்கு வசனம் எழுதியவரைப் பாராட்டினார். எழுதியவள் நான் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்து பாராட்டை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அவளை ஏசினேன்.

ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன். யுத்தத்தின் கடைசி நத்தார். கோதுமை மாவுக்கே வழியில்லாமல் அரிசி மாவில் கேக் செய்தேன். அது வேகவும் இல்லை, உடையவும் இல்லை. இவர் அதைக் கதவு அடிபடாமல் முட்டுக்கொடுக்க வைக்கலாம் என்றார். நான் அழுதுகொண்டு பக்கத்து அறைக்குப் போனால் அவள் பாயை விரிக்கிறாள். என் கோபம் எல்லாம் அந்தப் பாயில் போய் விழுந்தது.

"உமக்கு அவரில கவலை இல்லையோ?" என்றேன்.

பாயை விரித்தபடியே நின்றாள். "இருந்தது மச்சாள்."

"இருந்தது எண்டால்? இப்ப இல்லையோ?"

"முதல் மூண்டு மாசம் நான் நித்திரையே கொள்ளேல்லை. உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அந்தப் பக்கம் முழிச்சுக் கிடந்தனீங்கள், நான் இந்தப் பக்கம் முழிச்சுக் கிடந்தனான். அவர் என்ன சாப்பிட்டாரோ, ஆர் அடிச்சினமோ எண்டு யோசிச்சு யோசிச்சு நான் இஞ்ச இருந்து அவரைக் காவல் காத்தனான். பேந்து ஒருநாள் களைச்சுப்போனன். என்னால ஏலாது, நீர் பாரும் எண்டு ஆண்டவரிட்டக் குடுத்திட்டன். குடுத்தபிறகு ஒவ்வொரு நாளும் போய்த் திருப்பி வாங்கிப் பார்க்கிறது மரியாதையில்லைத்தானே."

"இளைப்பாறுறதெண்டால் முதலில சேவை செய்யவேணும்" என்றேன். என் வாயிலிருந்து அப்படியே வந்தது. "நீர் என்ன சேவை செய்தனீர்?"

அவள் பாயின் மூலையைக் காலால் நிமிர்த்தினாள். "அவர் சேவை செய்த ஆக்களுக்கெண்டு சொல்லேல்லையே மச்சாள். களைச்ச ஆக்களுக்கெண்டுதானே சொன்னவர். எனக்கு அந்தத் தகுதி மட்டும் இருந்தது."

சொல்லிவிட்டுப் படுத்தாள். படுக்கமுன் வாய்க்குள் புருஷனின் பெயரை ஒரு தரம் சொன்னாள். ஒரே ஒரு தரம். வேறு ஜெபம் இல்லை. நான் நிலைக்கதவில் நின்று பதில் ஒன்று தேடினேன். நல்ல பதில் ஒன்று வந்தது, ஆனால் அதற்குள் அவள் நித்திரை. நித்திரைக்காரரோடு சண்டை பிடிப்பதில் உள்ள கரைச்சல் இதுதான்.

யுத்தம் முடிந்தது. மலாயாவுக்கு மறுபடி தபால் ஓடத் தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தது, மகன் சுகம். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டுக்குக் கடிதம் வந்தது. எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. நான் தினமும் வாசலுக்கு ஓடினேன். இவர் கந்தோரிலிருந்து வரும்போதெல்லாம் முகத்தைப் பார்த்தேன். வராத ஒவ்வொரு நாளும் எனக்கு ஒன்று விளங்கிக்கொண்டு வந்தது. அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஆனாலும் இரவில் அந்தப் பெயர் ஒரு தரம், பிறகு நித்திரை.

அந்த வருட நத்தார் சமாதான நத்தார். விளக்குக்குத் தடை இல்லை, சங்கு இல்லை. நான் விட்ட நத்தார்களுக்கும் சேர்த்துச் செய்வது என்று நின்றேன். பின்னேரத் தேநீருக்கு இவருடைய கந்தோர் ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டிருந்தேன். காலையில் கோயிலால் வந்ததும் குசினிக்குள் புகுந்தவள், மத்தியானம் வரை ஓரிடத்தில் இருக்கவில்லை. இவர் ஐஸ் வாங்கப் போயிருந்தார். மச்சாள் எனக்கு முந்திரிகை வத்தல் ஆய்ந்து தந்துவிட்டு, "கொஞ்சம் சரியப்போறன் மச்சாள்" என்று போய்விட்டாள். நத்தார் நாளிலும் அதுதான்.

படலையடியில் ஒருவர் வந்து நின்றார். இளம் ஆள், ஆனால் முகம் கிழடு. உடுப்பு வேறு யாருக்கோ தைத்தது. ஏழை வீட்டுப் பார்சலுக்கு வந்தவர் என்று நினைத்து, "பார்சல் எல்லாம் நேற்றே குடுத்தாச்சு" என்று கத்தினேன்.

"நான் மலாயாவில இருந்து வாறன் அம்மா" என்றார்.

கை முழுக்க மாவோடு வெளியே வந்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார். என் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பாடமாக்கி வந்ததைப்போலச் சொல்லத் தொடங்கினார். தானும் அவரும் ஒரே கந்தோரில் வேலை செய்தவர்கள். சயாம் தேசத்துக்கு ரயில் பாதை போட யப்பான்காரன் ஆட்களைக் கொண்டுபோனபோது இரண்டு பேரையும் கொண்டுபோனான். காட்டுக்குள் காய்ச்சல் வந்தது. மருந்து இல்லை. "நான் பக்கத்தில இருந்தனான் அம்மா. தனிய விடேல்லை. நாங்களே தாட்டம். சிலுவை ஒண்டு வெட்டி நட்டனாங்கள்."

அவர் என்னைத்தான் மனைவி என்று நினைத்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நான் அவரைத் திருத்தவில்லை. ஆயுளில் நான் ஒருவரைத் திருத்தாமல் விட்டது அந்த ஒரு தரம். அவர் சொல்லி முடிக்கும்வரை அந்த வார்த்தைகள் என்மேலேயே விழட்டும் என்று நின்றேன். எவ்வளவு நேரம் நான் அவற்றைத் தாங்கி நிற்கிறேனோ அவ்வளவு நேரம் அவை உள்ளே போகா என்பதுபோல.

கடைசியில் அவர் தலையை நிமிர்த்தி, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து ஒன்று சொன்னார். "உங்களைப் பற்றித்தான் கதைப்பார் அம்மா. நீங்கள் நல்லா நித்திரை கொள்ளுவியளாம். ரயில் போனாலும் எழும்பமாட்டியளாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

"அது நானில்லைத் தம்பி" என்றேன். "அவ உள்ள கிடக்கிறா."

பாவம், அந்த ஆளின் முகத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. ஜிந்துப்பிட்டியில் இன்னொரு வீட்டுக்கும் இப்படி ஒரு செய்தி சொல்லவேண்டும் என்றார். நத்தார் நாளில் வீடு வீடாகப் போய்ச் சொல்வதற்கு அவரிடம் இருந்தது அதுதான். கேக் வெட்டிக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

நான் பக்கத்து அறைக்குப் போனேன். அவள் அதே மாதிரிக் கிடந்தாள், கன்னத்தின் கீழ் கை. நான்கு வருடமாக நான் இடித்தும் உலுக்கியும் சட்டி அடித்தும் எழுப்பிய ஆள். இப்போது எழுப்பக் காரணம் இருந்தது. கை வரவில்லை. எழும்பினால் விதவை. கிடக்கும்வரை அவள் ஒருவரின் மனைவி.

இவர் ஐஸோடு வந்தார். சொன்னேன். ஐஸை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு வாசற்படியில் இருந்து அழுதார். பிறகு எழும்பி உள்ளே வந்தார். "எழுப்பும். சொல்லவேணும்."

"விடுங்கோ."

"நீர்தானே எந்த நாளும் எழுப்பிறனீர்."

"இண்டைக்கு ஆராவது எழுப்பினால் கையை முறிப்பன்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். மெதுவாகச் சொன்னதால் பயந்துவிட்டார். படலையில் போய் நின்று, வந்த விருந்தாளிகளைத் திருப்பி அனுப்பினார்.

நான் பாய்க்குப் பக்கத்தில் வெறுநிலத்தில் இருந்தேன். குசினியில் ஏதோ எரிந்து மணத்தது. எழும்பவில்லை. எழும்பிப் போனால் அவள் தனியே கண் விழிப்பாள். அப்படி ஒன்றும் செய்யாமல் நான் இருந்தது எப்போது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. காலையில் கோயிலில் அந்தக் குழந்தையைப் பற்றிப் பாடினோம், நான்தான் எல்லாரிலும் பெலத்துப் பாடியிருப்பேன். அது பிறந்த வீட்டை ஒருவரும் கூட்டி வைத்திருக்கவில்லை. மாட்டுக்கொட்டில். பலகாரம் இல்லை, சோடினை இல்லை, வானதூதரைக் கண்ட ஆட்கள்கூட வேலையில் ஓடித்திரிந்தவர்கள் இல்லை, நிலத்தில் கிடந்தவர்கள். வரவேண்டியவர் ஆயத்தமில்லாத இடத்துக்கே வந்துவிட்டார். இவ்வளவு காலமும் நான் கோயிலுக்கே இதைப் பிரசங்கிக்கக்கூடிய ஆள் என்று நினைத்திருந்தேன். எனக்கு இது நிலத்தில் இருந்தபிறகுதான் கேட்டது.

வெயில் சாய்ந்தபோது அவள் தானாகவே கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏன் மச்சாள் இருக்கிறியள்?"

"சும்மா."

நான் சும்மா இருந்ததை அவள் அந்த வீட்டில் ஒருநாளும் கண்டதில்லை. மெல்ல எழும்பி இருந்தாள். "ஆர் வந்தது?" என்றாள்.

சொன்னேன். அவள் கத்திக் குழறவில்லை. "வருத்தமோ, அடிச்சவங்களோ?" என்றாள். காய்ச்சல் என்றேன். "ஆரும் பக்கத்தில இருந்தவையோ?" வந்த தம்பி பக்கத்தில் இருந்தவர், தனியே விடவில்லையாம் என்றேன். தலையை ஆட்டினாள். பிறகு முகத்தை முழங்காலில் வைத்து அழுதாள். நான்கு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள்.

எனக்குத் தெரிந்த வசனங்கள் எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணிக்கொண்டு வாயைத் திறந்தேன். அவள் நிமிராமலே கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். "ஒண்டும் சொல்லவேண்டாம் மச்சாள். இருங்கோ."

இருந்தேன். சுவரில் சாய்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. ஒரு ரயில் போனது.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பாயில் கிடக்கிறேன். தலைக்குத் தலையணை வைத்திருக்கிறது, மேலே போர்வை போர்த்தியிருக்கிறது. அவள் பக்கத்தில் சப்பாணி கட்டி இருக்கிறாள். முகம் வீங்கிக் கிடக்கிறது. கையில் இவர் ஊற்றிய தேத்தண்ணி.

வெட்கத்தில் துடித்து எழும்பினேன். "ஐயோ, ஏன் என்னை எழுப்பேல்லை?"

"எத்தினை வருசத்து நித்திரை மச்சாள். கிடவுங்கோ."

"நான் உமக்கு ஆறுதல் சொல்ல வந்தனான்."

"சொன்னனீங்கள்தானே" என்றாள் அவள். "உங்கட குறட்டை ரோட்டு வரைக்கும் கேட்டது. அண்ணர் போய் யன்னலைச் சாத்தினவர்."

சொல்லும்போதே அவளுடைய வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டும் சேர்ந்தே வந்தன. பிறகு கோப்பையை என் கையில் தந்துவிட்டு, தன் புருஷனின் பெயரை ஒரு தரம் சொன்னாள்.